குல்மார்க்குக்கு முன்னால் கோட்டை மலை

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் போய் ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) கற்கலாம் என்று இருக்கிறோம். "ஒரு மணி நேரம் சறுக்கினால் ஒரு மணி நேரம் ஓடியதற்குச் சமம், ஒரு வாரத்திலேயே இதயத்துக்கு ஆறு மாசப் பயிற்சி கிடைத்துவிடும்" என்கிறார் ஜிம் நண்பர். எனக்கு வயது 46. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். நம்பிப் போகலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: போகலாம். ஜிம் நண்பரை நம்பித்தான் போகக் கூடாது.

அவர் சொல்லும் கணக்கு வேறொரு ஸ்கீயிங்குக்கு உரியது. நார்வே, பின்லாந்துக்காரர்கள் இரண்டு கையிலும் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு, மேடுபள்ளம் பார்க்காமல் கிலோமீட்டர் கணக்கில் போவார்களே, அது. காலோடு தோள், முதுகு, வயிறு எல்லாம் சேர்ந்து உழைப்பதால் இதயம் அத்தனை தசைக்கும் ரத்தம் இறைத்தாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கையில் உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 என்று வைத்தால், வேகநடைக்கு 4, 5. இந்த நெடுந்தூர ஸ்கீயிங்குக்கு நடுத்தர வேகத்திலேயே 9. கையோடு கொண்டுபோகிற இதயத் துடிப்புமானியை 1970-களில் பின்லாந்தில் உருவாக்க ஆரம்பித்ததே இந்த வீரர்களின் பயிற்சிக்காகத்தான்.

நீங்கள் பணம் கட்டப்போவது சரிவில் இறங்கும் ஸ்கீயிங்குக்கு. லிஃப்ட் ஏற்றிவிடும், சரிவு இறக்கிவிடும். சாதாரணமாகச் சறுக்குகிறவருக்கு 5 அல்லது 6 வரும். அதுவும் சறுக்குகிற சில நிமிஷங்களுக்கு மட்டும். அப்புறம் மறுபடி லிஃப்ட் வரிசை. அந்த நேரத்தையும் சேர்த்தா உங்கள் நண்பர் ஓட்டத்தோடு ஒப்பிட்டார்?

புதிதாகக் கற்கிறவருக்கு வியர்ப்பது வேறு இடத்தில். காலில் நீளப் பலகையோடு விழுந்து எழுவதும், சரிவில் பக்கவாட்டில் அடி வைத்து மேலே ஏறுவதும் நல்ல வேலை வாங்கும். சறுக்கும்போது முழங்காலை மடக்கி அரைகுறையாய் உட்கார்ந்த மாதிரியே நிற்க வேண்டும். தொடைத் தசை இறுகியே இருப்பதால் உள்ளே ரத்தம் சரியாக ஓடாது, தொடை எரியும், பி.பி. எகிறும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதும் பி.பி.யை ஏற்றும். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். காற்று மெலிந்த இடம் என்பதால் அறையில் சும்மா இருந்தாலே துடிப்பு கூடும். பெட்டியை இறக்கி வைத்த கையோடு சரிவுக்கு ஓடாதீர்கள்.

ஒரு வாரத்தில் ஆறு மாசப் பயிற்சி என்பதெல்லாம் கதை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது வாராவாரம் நடக்க வேண்டியது.

பிப்ரவரிக்கு இன்னும் நான்கு மாசம் இருக்கிறது. பக்கத்திலேயே கிருஷ்ணகிரியில் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலை நிற்கிறது. டாக்டர் சரி என்றால், பாறை சூடாகும் முன்பே போய் ஏறுங்கள். மேட்டில் ஏறுவது அந்தச் சக்திக் கணக்கில் 6-க்கு மேல் வரும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமான அளவில் இருக்கிறது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடினம், வேகத்தைக் குறையுங்கள். இறங்கும்போது குதித்துக்கொண்டு வராமல் ஒவ்வொரு படியிலும் முழங்காலை மடக்கி, எடையைத் தொடையில் தாங்கி மெதுவாக இறங்குங்கள். ஸ்கீயிங் கேட்பது இந்தத் தொடை பலத்தைத்தான்.

கையில் கட்டும் வாட்ச் காட்டுகிற துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரை என்றால் துடிப்பை அது பிடித்து வைத்திருக்கும். நீங்கள் தவித்துக்கொண்டிருக்கையில் வாட்ச் "சுலபம்" என்று காட்டும். எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "ஸ்கீயிங்" என்று மட்டும் சொல்லாமல் உயரத்தையும் குளிரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.