பேஸ்மேக்கரின் பேட்டரி மாற்றும்போது லீடையும் மாற்ற வேண்டுமா?

உங்கள் தந்தையின் பேஸ்மேக்கரில் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) பேட்டரி தீர்கிறது, பரிசோதனையில் லீடின் (கருவியை இதயத்தோடு இணைக்கும் கம்பி) மின்தடையும் உயர்ந்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பேட்டரி தீர்கிறது என்பதற்காக மட்டும் அவரது 12 ஆண்டுப் பழைய லீடை மாற்ற வேண்டியதில்லை. அளவீடுகள் சரியாக இருந்தால் அதிலேயே பேட்டரியோடு கூடிய புதிய பேஸ்மேக்கரை இணைத்துவிடுவார்கள்.

நீங்கள் குறிப்பிட்ட மின்தடை உயர்வுக்கு லீடின் உள்கம்பி முறிந்ததோ, கருவியில் செருகும் முனை தளர்ந்ததோ காரணமாக இருக்கலாம். முந்தைய பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கி, அது திடீரென எகிறியதா, மெல்ல ஏறியதா என்று பாருங்கள். ஒற்றை எண்ணைவிட அந்தப் போக்கே அதிகம் சொல்லும். கையை உயர்த்தி அசைக்கும்போது பதிவு மாறுகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பழுது உறுதியானாலும், இரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டிப்போன லீடை உருவியெடுப்பது ஆபத்தானது என்பதால், பெரும்பாலும் அதை உள்ளேயே விட்டுவிட்டுப் புதியதொன்றைப் பக்கத்தில் செலுத்துவார்கள். கிருமித்தொற்று ஏற்பட்டால் மட்டும் அனைத்தையும் அகற்றியே ஆக வேண்டும். ஆகவே கருவி உள்ள இடம் சிவந்து வீங்கினாலோ, அவருக்குத் தலைசுற்றலோ மயக்கமோ வந்தாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.