அணைந்த நட்சத்திரம் மறுபடி எரியுமா?

கேள்வி: சாகப்போகும் நட்சத்திரம் கடைசியில் திடீரென்று பிரகாசிக்கும் என்கிறார்களே, நிஜமா? (தேனி வாசகர்)

பதில்: நிஜம்தான். ஜப்பானைச் சேர்ந்த யூகியோ சகுராய் தொழில்முறை வானியலாளர் அல்ல. ஆர்வத்தில் வானம் பார்ப்பவர். 1996 பிப்ரவரியில் தனுசு மண்டலத்தில் அவர் கண்ணில் ஒரு புது ஒளி பட்டது. முதலில் நோவா, திடீரென வெடித்து ஒளிரும் நட்சத்திரம், என்றுதான் நினைத்தார்கள். ஆனால் சுற்றிலும் பழைய வாயுக்கூடு தெரிந்தது. அதாவது, மேற்போர்வையை என்றோ உதறிவிட்டு, வெண்குள்ளனாக (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய மிச்சக் கருவாக) அடங்கிக்கொண்டிருந்த நட்சத்திரம் அது!

எங்கள் ஆச்சி ராத்திரி அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார். விடிகாலையில் ஊதாங்குழலால் ஊதினால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். இங்கே தணல், கார்பன்-ஆக்ஸிஜன் கருவின்மேல் மிஞ்சியிருந்த ஹீலியம் அடுக்கு. அது பற்றியதும் நட்சத்திரம் மளமளவென்று ஊதிப் பெருத்துவிட்டது. மேலே ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச ஹைட்ரஜனும் உள்ளே இழுக்கப்பட்டு எரிந்தது. நட்சத்திரக் கதை என்றாலே கோடி வருஷக் கணக்கு. இதுவோ மனித ஆயுளுக்குள், கண்ணெதிரே நடந்தது. எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அப்புறம்? மூன்று நான்கு வருடங்களில், தானே கக்கிய கரித்தூசிக்குள் மறைந்துபோனது. 1919-இல் கழுகு மண்டலத்தில் ஒளிர்ந்த இன்னொன்றும் இதே ரகம்தான்.