அந்தமானில் ஸ்கூபா டைவிங்: நகையை அடகு வைத்துப் போகலாமா?

கேள்வி: தேவகோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 32,000 ரூபாய். கணவர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். மாதம் 30,000 வரும். ஆர்டர் நன்றாக இருந்தால் 60,000 கூட வரும். வீட்டுச் செலவு, சீட்டு எல்லாம் சேர்த்து மாதம் 52,000 ஆகிறது. எஃப்.டி. 3 லட்சம், நகை 30 பவுன் இருக்கிறது. கடன் இல்லை. சின்ன வயதில் ஊருணியில் நீந்தி வளர்ந்தவள் நான். கடலுக்கடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. அந்தமானுக்கு 3 பேருக்கு 4 இரவு, 5 பகல் பேக்கேஜ் 1,46,000 என்கிறார்கள். தோழி, மாலத்தீவு பேக்கேஜை 3,20,000-க்கு இ.எம்.ஐ.யில் எடுக்கச் சொல்கிறாள். நகையை வைத்து அந்தமான் போய் வந்துவிடலாமா? வரும் தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். தாய்மாமன் சீருக்குத்தான் சீட்டு போடுகிறோம். மகனுக்கு 12 வயது. கணவருக்கு எப்போதாவது வீசிங் வரும்.

பதில்: போய் வாருங்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இப்படிக் கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் 'அநாவசியச் செலவு' என்று நான் கண்டிப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். பல வருட ஆசை, கடன் இல்லாத குடும்பம். இதில் கண்டிக்க என்ன இருக்கிறது? ஆனால் நகையை வைத்துப் போகாதீர்கள், இந்த வருடமும் போகாதீர்கள். அடுத்த ஏப்ரல் கடைசியில் போங்கள்.

நகைக்கடன் வேண்டாம் என்பதற்கு வட்டி காரணமில்லை. ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 10 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி 15,000-தான். உங்கள் வீட்டில் அந்த 30 பவுன் வெறும் நகை இல்லை, பட்டறைக்குக் கைமுதல் அது. பெரிய வீடு ஒன்றுக்குத் தளம் போட ஆர்டர் வந்தால் சிமெண்ட், கலர் பவுடர், ஆள் கூலி எல்லாவற்றுக்கும் முன்கூட்டிப் பணம் வேண்டும். வாடிக்கையாளர் மிச்சப் பணம் தருவது கல் பதித்து முடித்த பிறகுதான். அந்த இடைவெளியில் கைகொடுப்பது பெட்டியில் இருக்கும் நகை. அதுவும் தையில் கல்யாணம் வரும் வருடத்தில் அதை முடக்கக் கூடாது. சீட்டைத் தள்ளி எடுத்துப் பயணத்துக்குப் போடும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தள்ளுபடியில் போகிற பணம் ஒரு பக்கம், சீருக்கு மறுபடி ஓட வேண்டியது இன்னொரு பக்கம். எஃப்.டி. 3 லட்சமும் உங்கள் ஆறு மாதச் செலவுக்குச் சற்றுக் குறைவுதான். அதையும் தொட வேண்டாம்.

மாலத்தீவுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். பேக்கேஜ் விலைக்கு மேல் தீவுக்குப் போகும் படகு, பசுமை வரி, பாஸ்போர்ட், டி.சி.எஸ். பிடித்தம் (பேக்கேஜ் விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) எல்லாம் வரும். டி.சி.எஸ்.ஸை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை அது உங்கள் கையில் இருக்காது.

சரி, அந்தமான் பேக்கேஜுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். 4-ஆம் நாள் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) இரண்டு டைவ், மதியம் 2 மணிக்கு முடிகிறது. மாலைப் படகில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). மறுநாள் காலை 7.15-க்கு சென்னை விமானம். எண்ணிப் பாருங்கள், 17 மணி 15 நிமிடம். ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் செய்தவர்கள் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மெதுவாக வெளியேற நேரம் கொடுக்காமல் அழுத்தம் குறைவான விமானத்துக்குள் போனால் அது குமிழியாகும். கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் பொங்குமே, அப்படி. முக்கால் மணி நேரக் குறைவுதானே என்று விட்டுவிட இது வட்டிக் கணக்கு இல்லை. இந்த நிரலைப் போட்டவர்கள் ஒரு இரவு வாடகையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் 6 இரவு என்று திட்டமிடுங்கள். டைவிங் முதலில், ஊர் சுற்றுவது கடைசியில். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் மகனை அழைத்துப் போனபோது டைவிங்கைக் கடைசி நாளில் வைத்திருந்தோம். முந்தின இரவு அவனுக்குச் சளி. சளி பிடித்தால் காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. மூக்கைப் பிடித்து ஊதினாலும் காது திறக்காது. இடுப்பளவுத் தண்ணீரில் முகமூடியோடு நின்று அவன் தலையை ஆட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தள்ளிவைக்க நாள் இல்லை, கட்டின பணமும் திரும்பவில்லை. முதல் இரண்டு நாளில் வைத்திருந்தால் சளி பிடிக்கும் முன்பே இறங்கியிருப்பான்.

ஏப்ரல் கடைசி என்றதற்குக் காரணம் மகனின் பரீட்சை மட்டுமில்லை. டிசம்பர் விடுமுறையில் விமானக் கட்டணம் ஏறிவிடும். மே மூன்றாவது வாரவாக்கில் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். பிறகு கடல் கலங்கும், படகுகள் ரத்தாகும். ஏப்ரலில் வெயில் கொளுத்தும், ஆனால் கடல் அமைதியாக இருக்கும்.

யார் என்ன செய்வது? முழுப் பயிற்சியை நீங்கள் மட்டும் எடுங்கள். ஓப்பன் வாட்டர் என்பார்கள். 3, 4 நாள் ஆகும், முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஊருணிப் பழக்கம் உடம்பை விட்டுப் போயிருக்காது, ஆனாலும் இந்த ஒரு வருடத்தில் நீச்சலைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பாடப் பகுதியை வீட்டிலேயே ஆன்லைனில் படித்துவிட்டால் தீவில் ஒரு நாள் வாடகை மிச்சம். மகனும் கணவரும் இந்த முறை பயிற்றுநரோடு ஒரு அறிமுக டைவ் மட்டும் போகட்டும். அதற்குக் குறைந்தபட்ச வயது 10, நீச்சல் தெரிய வேண்டியதில்லை. மகன் பிறகு சிறுவர் சான்றிதழ் வாங்கினாலும் சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவரோடுதான் இறங்க முடியும். அந்தப் பெரியவர் நீங்களாக இருக்கலாமே.

ஐந்தொகை போடுவதுபோல நான் ஒதுக்கியது இது. சென்னை விமானம் 3 பேருக்கும் போக வர 42,000. காரைக்குடியிலிருந்து பல்லவனில் போய் வர 4,000. தீவுப் படகு 9,000. அறை 6 இரவுக்கு 24,000, சாப்பாடும் ஆட்டோவும் 15,000. உங்கள் பயிற்சி 35,000, அவர்கள் இருவருக்கும் 12,000. மருத்துவச் சான்றும் காப்பீடும் 4,000. கூட்டினால் 1,45,000. மேலே 35,000 கையிருப்பு, படகு ரத்தானால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க. ஆக 1,80,000. பேக்கேஜை விட 34,000 அதிகம், ஆனால் அதில் பயிற்சியே கிடையாது. விலைகள் மாறும், பதிவு செய்யும் மாதத்தில் மறுபடி விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் வழி: உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 9,000-க்கு 12 மாத ஆர்.டி. சம்பளம் ஏறிய மறுநாளே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். அசல் மட்டும் 1,08,000 ஆகும். பட்டறை வருமானம் 30,000 ஆகிற மாதத்திலும் உங்களுக்கு 10,000 மிஞ்சுகிறது, அதனால் இது தாங்கும். மீதி 72,000-ஐக் கணவர் நல்ல ஆர்டர் வரும் மாதங்களில் தனிக் கணக்கில் போடட்டும். மாதத் தவணை என்று அவரைக் கட்டிப்போடாதீர்கள். பட்டறைக்காரர்களுக்கு அது ஒத்துவராது. ஜனவரிக்குள் அவர் பங்கு பாதிகூடச் சேரவில்லை என்றால் பயணத்தை ஒரு வருடம் தள்ளுங்கள், கடன் வாங்கி நிரப்ப வேண்டாம்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம். மருத்துவ பாலிசிகளில் 'எக்ஸ்கிளூஷன் 09' என்று ஒரு நிபந்தனை உண்டு. சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு அடிபட்டால் பணம் கிடையாது என்பது அது. ஸ்கூபாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் பொழுதுபோக்காகப் போகிறவர், 'தொழில்முறையாக' என்ற சொல் உங்கள் பாலிசியில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். விபத்துக் காப்பீடும் பயணக் காப்பீடும் வேறு. அவற்றில் மொத்தமாகவே விலக்கியிருக்கலாம், அல்லது இத்தனை மீட்டர் ஆழம் வரைதான் என்று இருக்கலாம். ஏஜெண்ட் போனில் சொல்வதை நம்பாமல் மெயிலில் எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கணவரின் வீசிங். டைவிங் மையத்தில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா கேள்விக்கு 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். 'இல்லை' என்று பொய்யாக எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உயிருக்கும் ஆபத்து, காப்பீடும் போய்விடும். அந்தப் படிவத்தை இப்போதே இணையத்தில் எடுத்து நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் கணவர் படகிலிருந்தே ஸ்நார்க்கெலிங்காவது (குழாயில் மூச்சு விட்டபடி நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது) செய்யலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பதில் தெரிந்த பிறகு முன்பணம் கட்டினால் போதும்.