தண்டவாளம் போட்டாச்சு, பயணிகள் ரயில் எப்போது?

கேள்வி: கேரள எல்லையை ஒட்டியது எங்கள் ஊர். மீட்டர் கேஜ் காலத்தில் காலையும் மாலையும் பாசஞ்சர் நின்று போகும். அகலப் பாதை வேலைக்காக வண்டியை நிறுத்தினார்கள். இப்போது புதுத் தண்டவாளம் போட்டாயிற்று, சோதனை ஓட்டமும் முடிந்தது. ஜல்லி வண்டியும் சரக்கு வண்டியும் போகின்றன, பயணிகள் ரயில் மட்டும் வரவில்லை. பழைய ஸ்டேஷன் புதர் மண்டிக் கிடக்கிறது. “டெல்லியில் ஃபைலை நகர்த்த வேண்டும்” என்று ஒருவர் வீட்டுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? வண்டி வர நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கொடுக்காதீர்கள். ரயில் பாதையைத் திறக்க ஊர்மக்கள் கட்ட வேண்டிய கட்டணம் என்று ரயில்வேயில் எதுவுமே இல்லை. உங்களுக்கு ஆகக்கூடிய செலவு தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், அதற்குமேல் தபால் செலவு, நகலுக்கான சிறு கட்டணம், அவ்வளவுதான்.

சரக்கு வண்டி ஓடும் பாதையில் பயணிகள் வண்டி ஏன் ஓடக் கூடாது என்பதுதான் உங்கள் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வியாக இருக்கும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 21ஆம் பிரிவு, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எந்தப் பாதையிலும் பொதுமக்களை ஏற்றக் கூடாது என்கிறது. அந்த அனுமதிக்கு முன் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவர் ரயில்வேக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார், தெற்குப் பகுதிக்கான அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. வேலை செய்தவரே வேலைக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

“சோதனை ஓட்டம் முடிந்தது” என்று செய்தியில் வருவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பாதை போட்ட பொறியாளர்கள் தாங்களே என்ஜினை ஓட்டிப் பார்ப்பது. மற்றது, ஆணையர் டிராலியில் போய்ப் பாலம், வளைவு, கேட், சிக்னல் எல்லாம் பார்த்துவிட்டு, தனி வண்டியை வேகமாக ஓட்டச் சொல்லி அளந்து பார்ப்பது. முதலாவதற்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தாலும் சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இரண்டாவதற்குப் பிறகு ஆணையர் கொடுக்கும் கடிதம்தான் கணக்கு. அதில் எத்தனை கிலோமீட்டர் வேகம், என்னென்ன குறைகளைச் சரிசெய்ய வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும்.

கடிதம் வந்த மறுநாள் வண்டி வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மதுரை – போடி பாதையையே பாருங்கள். ஏறத்தாழ 90 கிலோமீட்டர், 2010 கடைசியில் மூடினார்கள். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை 2020லேயே ஆய்வு முடிந்தது. பயணிகள் ஏறியது 2022 மே மாதம், தேனி வரை பாதை வந்த பிறகு. தேனியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர். 2022 டிசம்பரில் சோதனை ஓட்டம் நடந்தது, வண்டி வந்தது 2023 ஜூன் 15இல். முடிந்த பாதையில் இத்தனை காலம் துரு பிடிக்கவிட்டது சரி என்று சொல்ல மனம் வரவில்லை. நடக்கும் முறை இதுதான் என்பதைத் தெரிந்துகொண்டால் வசூல்காரர் சொல்லும் தேதிகளை நம்ப மாட்டீர்கள்.

இங்கே ஒரு விலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லைப் பகுதியில் பெரும்பாலான சண்டை இதில்தான் வருகிறது. “மலைப்பாதையில் மண் சரிந்தால் கொஞ்ச நாளில் சரிசெய்து ஓட்டுகிறார்களே, அப்போது மட்டும் ஆணையர் எங்கே வந்தார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விபத்தால் போக்குவரத்து தற்காலிகமாக நின்றால், 24ஆம் பிரிவு ஆணையர் முன்கூட்டியே பார்க்காமல் திறக்க வழிவிடுகிறது. அதற்குப் பாதையைப் பழைய தரத்துக்கே விரைவாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும், அல்லது தற்காலிக மாற்றுப் பாதை போட்டிருக்க வேண்டும். பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று வேலைக்குப் பொறுப்பான அதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். திறந்த உடனே ஆணையருக்குத் தகவல் போக வேண்டும். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் மண் விழும்போது நடப்பது இந்த வகைத் திறப்பு. உங்கள் பாதை அப்படியல்ல. மீட்டர் கேஜின் 1,000 மில்லிமீட்டர் அகலம் போய் 1,676 மில்லிமீட்டர் வந்திருக்கிறது. பாலத்தின் மேல் பாரம் மாறிவிட்டது, வளைவு மாறிவிட்டது, சிக்னல் மாறிவிட்டது. ‘பழைய தரம்’ என்று சொல்ல அங்கே பழையது எதுவும் இல்லை. ஆபத்து என்று அரசே உத்தரவு போட்டு மூடிய பாதைக்கும் இந்த விலக்கு கிடையாது. 26ஆம் பிரிவு அதை மறுபடி ஆய்வு செய்த பிறகே திறக்கச் சொல்கிறது. ஆகவே மண்சரிவை உதாரணம் காட்டி மனு எழுதாதீர்கள். முதல் வரியிலேயே மனு ஓரமாகப் போய்விடும்.

இனி செய்ய வேண்டியது. மனு எந்தக் கோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதில்தான் எல்லை ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் இழக்கிறார்கள். ரயில்வே கோட்ட எல்லைக்கும் மாநில எல்லைக்கும் சம்பந்தமே இல்லை. பொள்ளாச்சி தமிழ்நாட்டில் இருக்கிறது, கோட்டம் பாலக்காடு. புனலூர் கேரளத்தில் இருக்கிறது, கோட்டம் மதுரை. நாகர்கோவில், கன்னியாகுமரி இரண்டும் திருவனந்தபுரம் கோட்டம். தவறான கோட்டத்துக்குப் போட்ட மனு மேசை மேசையாக அலையும், யாரும் ‘இது எங்களுடையதல்ல’ என்று ஒரு வரி எழுதி அனுப்பக்கூட மாட்டார்கள். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டால் எந்தக் கோட்டம் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அந்தக் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கே கேள்வி கேளுங்கள். ஆணையர் பயணிகள் போக்குவரத்துக்கு அனுமதி அளித்த கடிதத்தின் நாளும் நகலும். அதிலுள்ள நிபந்தனைகளில் எவை இன்னும் பாக்கி. எங்கள் ஊர் நிலையமாகவோ ஹால்ட்டாகவோ (வண்டி நின்று போகும் சிறு நிறுத்தம்) திட்டத்தில் இருக்கிறதா. இந்தப் பாதைக்கு வண்டி கேட்டுக் கோட்டத்திலிருந்து தெற்கு ரயில்வேயின் சென்னைத் தலைமையகத்துக்கு முன்மொழிவு போயிருக்கிறதா, எந்தத் தேதியில். ‘ஏன் இன்னும் விடவில்லை’ என்று கேட்காதீர்கள், ‘ஏன்’ என்பதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறது. ஆவணத்தைக் கேட்டால் அப்படித் தப்புவது கடினம். கட்டணத்துக்கு அஞ்சல் ஆணை வையுங்கள், அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் கட்டுங்கள். மாநில அலுவலகங்களுக்குச் செய்வதுபோல கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் மனு திரும்பி வரும். பதிலுக்குக் கெடு 30 நாள்.

நான்கு பதிலும் கையில் வந்தால் ஃபைல் எங்கே நிற்கிறது என்று தெரியும். நிபந்தனை பாக்கி என்றால் அதை முடிக்கும் தேதியைக் கேட்டு அழுத்துங்கள். அனுமதி வந்து வண்டிதான் இல்லை என்றால், மனுவில் ‘எங்களுக்குப் புது ரயில் விடுங்கள்’ என்று எழுதாதீர்கள். புது ரயிலுக்குப் பெட்டித் தொடர் வேண்டும், ஓட்டுநர், கார்டு வேண்டும், பராமரிக்க இடம் வேண்டும், நெரிசலான பாதையில் நேரம் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு மறுப்புக் கடிதத்துக்குக் காரணம். பக்கத்து ஜங்ஷனுக்கு வந்து மணிக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டி எது என்று கால அட்டவணையில் பாருங்கள். அதை உங்கள் ஊர் வரை நீட்டிக்கச் சொல்லுங்கள். வந்த நேரம், நிற்கும் நேரம், போய்த் திரும்ப ஆகும் நேரம் மூன்றையும் எழுதிக் காட்டுங்கள். போடிக்கு வந்த வண்டிகளும் அப்படித்தான். சென்னை – மதுரை விரைவு ரயிலையும் மதுரை – தேனி வண்டியையும் நீட்டித்தார்கள்.

கூடவே ஒரு வாரக் கணக்கு எடுங்கள். காலை 6 மணி முதல் 9 மணி வரையிலும் மாலையிலும் உங்கள் பஸ் ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்த ஊருக்கு, டிக்கெட் எவ்வளவு. சந்தை நாளும் திங்கட்கிழமையும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு தாள் ஆயிரம் கையெழுத்தைவிடக் கனமானது. தொகுதி எம்.பி.யின் கடிதத்தோடு வைத்துக் கோட்ட மேலாளருக்கும் சென்னைத் தலைமையகத்துக்கும் அனுப்புங்கள். நீட்டிப்பும் நிறுத்தமும் கடைசியில் ரயில்வே வாரியம் வரை போகிற விஷயம். 2025 முதல் புதிய கால அட்டவணை ஜனவரி 1இல் வருகிறது. ஆகவே ஆண்டின் முதல் பாதியிலேயே மனு போய்ச் சேரட்டும், நவம்பரில் கொடுத்தால் ஒரு வருடம் போயிற்று.

ஃபைல் நகர்த்துகிறவர் தனியாக வருவதில்லை, பின்னாலேயே இன்னும் இருவர் வருவார்கள். ஒருவர் வேலை வாங்கித் தருபவர். “லைன் திறந்தால் கேட் கீப்பர், பாயிண்ட்ஸ்மேன் எல்லாம் உள்ளூர்க்காரர்தான், முன்பணம் கொடுங்கள்” என்பார். ரயில்வே வேலைக்குத் தேர்வு வாரிய அறிவிப்பு, எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, மருத்துவம் என்று எல்லாருக்கும் ஒரே வழிதான். புதுப் பாதைக்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று முன்பு ஓர் உத்தரவு இருந்தது உண்மை. அதை 2019இலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். பழைய உத்தரவின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். தேதியைப் பாருங்கள். நகை அடகு வைத்துக் கட்டும் பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது, கொடுத்தவர்மேலும் வழக்கு வரக்கூடும்.

மற்றவர் மனை விற்பவர். “ஸ்டேஷனுக்கு இரண்டே நிமிடம்” என்று பலகை நடுவார். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் வீடு கட்டத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். அது இல்லாமல் பஞ்சாயத்தில் கட்ட அனுமதி கிடைக்காது. மனையை அளக்கும்போது ரயில்வே எல்லைக் கல்லிலிருந்து டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், தண்டவாளத்திலிருந்து அல்ல. இரண்டுக்கும் இடையில் எத்தனையோ மீட்டர் இருக்கும். வண்டி நின்ற வருடங்களில் கல்லையே பிடுங்கிப் போட்ட இடங்களும் உண்டு. அங்கே சர்வேயர் அளந்து கொடுக்கும் வரை முன்பணம் கூடாது. ரயில்வே நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

ஊர் தன் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. முதலில், தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் கிளிப் திருடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்குத் தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டை (சிலீப்பர்) 1,660, ஒன்றுக்கு 4 கிளிப், ஆக 6,640 கிளிப். வளைந்த கம்பிபோல இருக்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ. வண்டி ஓடாத பாதையில் இதைத் தட்டிக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். வளைவில் வரிசையாகச் சில கிளிப் இல்லையென்றால் தண்டவாளம் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு வண்டி தடம் புரளக்கூடும். ஆய்வில் அதைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பார்கள், இல்லையென்றால் தள்ளிப்போடுவார்கள். வாங்கிய கடைக்காரருக்கும் சேர்த்துச் சிறை உண்டு. அதே பாதையில் மின்கம்பி போட்டிருந்தால் 25,000 வோல்ட். தண்டவாளத்துக்குமேல் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஓடும். பக்கத்துத் தோப்பில் மாங்காய், முருங்கை பறிக்கும் அலுமினியத் தொரட்டி கம்பியைத் தொட வேண்டியதில்லை, கிட்டே போனாலே போதும். பச்சை மூங்கிலும் காப்பாற்றாது. வண்டி வரவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று நினைக்கிறார்கள். சோதனைக்கு முன்பே கம்பியில் மின்சாரம் விட்டுவிடுவார்கள்.

சுரங்கப்பாதையையும் இப்போதே பாருங்கள். அகலப் பாதையில் 2019 ஜனவரியோடு ஆளில்லா கேட் ஒழிந்தது. உங்கள் பழைய கேட்டுகள் பலவும் சுரங்கப்பாதையாகியிருக்கும், இல்லை அந்த வேலை நடந்துகொண்டிருக்கும். ஜூன் மழையைக் கணக்கிலேயே எடுக்காமல் பள்ளம் தோண்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். வடிகால் எங்கே போய்ச் சேருகிறது, பம்பு உண்டா, வைக்கோல் லாரி நுழையுமா என்ற மூன்றையும் சுவர் எழும்பும் முன் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பிறகு கேட்டால் வருடாவருடம் பள்ளிப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில்தான் போக வேண்டும்.

வண்டி வந்த பிறகு உங்கள் ஊரில் நிறுத்தம் பெரும்பாலும் சோதனை அடிப்படையில் 6 மாதத்துக்குக் கொடுப்பார்கள். அந்த 6 மாதமும் அவர்கள் எண்ணுவது ஏறும் ஆட்களை அல்ல, உங்கள் நிலையத்தின் பெயரில் விற்ற டிக்கெட்டை. ஆகவே ஹால்ட்டில் டிக்கெட் விற்கும் ஏஜென்ட்டிடமே வாங்குங்கள், போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் ஜங்ஷனில் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். செயலியில் எடுப்பவர்கள் ‘புறப்படும் நிலையம்’ என்ற இடத்தில் பக்கத்து ஜங்ஷனைப் போடாமல் உங்கள் ஊரையே போட வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளின் சீசன் டிக்கெட்டும் உங்கள் ஊரிலிருந்தே தொடங்கட்டும்.