பத்தே பாட்டில் ஓர் ஆண்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்காவின் கன்ட்ரி இசை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, அந்நாட்டு இசைப் பத்திரிகையான பில்போர்டின் பழைய கன்ட்ரி வரிசைகளைத் தேடிப் பார்த்தேன். 1963 முழுக்க முதலிடத்தில் இருந்தவை பத்தே பாட்டு. எண்பதுகளின் நடுவில் பார்த்தால் கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்று. அந்தக் காலத்துப் பாட்டுகள் அவ்வளவு உசத்தி என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? இன்னொரு சந்தேகம். அப்பாவின் கேசட்டில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமான ஸ்கீட்டர் டேவிஸின் ‘தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ 1963-ல் ஊரெல்லாம் ஒலித்த பாட்டு. பாடகி பேட்ஸி க்ளைன் விமான விபத்தில் இறந்ததும் அதே ஆண்டுதான். இருவருமே அந்தப் பத்தில் இல்லையே, இந்த வரிசையை எப்படி நம்புவது?

கே., கோவை

அன்புள்ள கே.,

நம்பலாம். அது எதை எண்ணியது என்று தெரிந்துகொண்டால் போதும்.

1963-ல் விற்ற ரெக்கார்டை ஒவ்வொன்றாக யாரும் எண்ணவில்லை. ரெக்கார்ட் கடைக்காரர்கள் எது நன்றாகப் போகிறது என்று சொல்வார்கள். ரேடியோ நிலையங்கள் எதை அதிகம் போடுகிறோம் என்று சொல்லும். இரண்டையும் சேர்த்து வாராவாரம் வரிசை போடுவார்கள். மேலே போன பாட்டைக் கீழே இறக்க யாருக்கும் அவசரமில்லை. கேட்பவர்கள் கேட்கிறவரை அறிவிப்பாளர் போட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் பக் ஓவன்ஸின் ‘லவ்ஸ் கானா லிவ் ஹியர்’ அக்டோபரில் ஏறி 16 வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கென்னடி டல்லாஸில் சுடப்பட்ட வாரத்திலும் நாட்டின் முதல் கன்ட்ரி பாட்டு அந்தக் குதூகலமான காதல் பாட்டுதான்.

எண்பதுகளில் கதை வேறு. எந்த வாரம் எந்தப் பாட்டு மேலே வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, ரெக்கார்ட் கம்பெனிகளின் ஆட்கள் நிலையம் நிலையமாகப் போன் செய்து தள்ளினார்கள். முதலிடம் வந்துவிட்டதா, சரி, அடுத்ததைத் தள்ளு. பாட்டு சுமாரா பிரமாதமா என்பதற்கும் அந்த ஒரு வாரத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 1990 ஜனவரியில் ரேடியோ ஒலிபரப்பை இயந்திரம் வைத்தே கண்காணிக்க ஆரம்பித்தார்கள். 2012 அக்டோபரில் இணையத்தில் கேட்பதும் டிஜிட்டல் விற்பனையும் கணக்கில் சேர்ந்தன. அதன்பின் பெபே ரெக்ஸாவும் ஃப்ளோரிடா ஜார்ஜியா லைனும் பாடிய ‘மென்ட் டு பி’ 50 வாரம் முதலிடத்தில் கிடந்தது. நீங்கள் சொல்லும் தரக்கணக்கின்படி அது 1963-ன் பாட்டுகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருக்க வேண்டும். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன், நீங்களும் மாட்டீர்கள்.

அந்தப் பத்துக்கு வருவோம். ஆண்டு தொடங்கியபோது கார்ல் பட்லரும் பெர்லும் பாடிய ‘டோன்ட் லெட் மீ க்ராஸ் ஓவர்’ ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆனவர்கள் வேலி தாண்டத் தவிப்பதைப் பற்றிய பாட்டு. பாடியவர்கள் நிஜத்தில் கணவன் மனைவி! தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தலைப்புப் பாட்டின் புண்ணியத்தில் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் பேஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தோடு மூன்று வாரம் மேலே இருந்தார்கள். பில் ஆண்டர்சனின் ‘ஸ்டில்’ பாதி பாட்டு, பாதி பேச்சு. எனக்கு அது கொஞ்சம் அழுகை ஜாஸ்தி.

நான் நின்று கேட்பது ஹாக்ஷா ஹாகின்ஸின் ‘லோன்சம் 7-7203’. அப்போது அமெரிக்கத் தொலைபேசி எண்ணின் முன்னால் எக்ஸ்சேஞ்ச் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் வரும். எழுதிய ஜஸ்டின் டப், ‘தனிமை’ என்றே ஓர் எக்ஸ்சேஞ்ச் இருப்பதுபோல எண் கொடுத்துவிட்டார். விட்டுப்போனவளைக் கேட்டு ஓயாமல் போன் வருகிறது. பிரிந்துவிட்டோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி மாளாமல் எண்ணை மாற்றிவிடுகிறான். எப்போதாவது அவளுக்கு அழைக்கத் தோன்றினால் அழைக்கட்டும் என்று புது எண்ணைச் சொல்கிறான். அவ்வளவுதான் பாட்டு. அது வரிசைக்குள் நுழைந்த அதே மார்ச் மாதத் தொடக்கத்தில், 5-ஆம் தேதி, டென்னசியின் கேம்டன் அருகே விழுந்த சிறு விமானத்தில் ஹாகின்ஸ் இருந்தார். பேட்ஸி க்ளைனும் பாடகர் கௌபாய் கோபஸும் அவரோடு இறந்தார்கள். கார் விபத்தில் இறந்த கன்சாஸ் சிட்டி ரேடியோ அறிவிப்பாளர் ஒருவரின் குடும்பத்துக்காக நடந்த நிதிக் கச்சேரியில் பாடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓர் அறிவிப்பாளருக்காக கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பெரிய தலைகள் கிளம்பிப் போனார்கள் என்றால், பாட்டை மேலே ஏற்றியது யார் கை என்று புரிந்திருக்கும். மே மாதம் ‘லோன்சம்’ முதலிடம் வந்து நான்கு வாரம் இருந்தது. ஹாகின்ஸுக்குக் கிடைத்த ஒரே முதலிடம் அதுதான். அவர் மனைவி ஜீன் ஷெப்பர்டும் பாடகிதான், விபத்து நடந்தபோது நிறைமாத கர்ப்பிணி.

பேட்ஸி க்ளைனின் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ அவர் இறந்தபின் வந்து ஐந்தாம் இடத்தோடு நின்றது. செத்தவர் பாட்டென்றால் தானாக மேலே போய்விடும் என்பதில்லை. 1961-லும் 1962-லும் உயிரோடு இருக்கும்போதே முதலிடம் பார்த்தவர் அவர். 1963-ல் ஒரு பெண் தனியாகப் பாடிய எதுவும் மேலே வரவில்லை. பத்தில் பெயர் போட்டுப் பாடிய ஒரே பெண் பெர்ல் பட்லர், அதுவும் கணவரோடு ஜோடியாக. ஒரு பெண் பாட்டுக்குப் பின்னாலேயே இன்னொரு பெண் பாட்டைப் போடாதே என்பது கன்ட்ரி ரேடியோவில் வெகுகாலம் எழுதாத சட்டமாக இருந்தது. உங்கள் ஸ்கீட்டர் டேவிஸ் கன்ட்ரி வரிசையிலும் இரண்டாம் இடம், பொது வரிசையான ஹாட் 100-லும் இரண்டாம் இடம். உங்கள் அப்பாவின் கேசட் வரை வந்து சேர்ந்தது அதுதான். அந்தப் பத்தில் ஒன்றான ‘அபிலீன்’ நான்கு வாரம் முதலிடத்தில் இருந்ததே, அதை அந்தக் கேசட்டில் கேட்டீர்களா?

அப்புறம், அந்த ஆண்டின் இரண்டாம் இடத்தை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள். ஸ்கீட்டர் தவிர நெட் மில்லரின் ‘ஃப்ரம் எ ஜாக் டு எ கிங்’ இருக்கும், டேவ் டட்லியின் ‘சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோடு’ இருக்கும். டட்லியின் பாட்டிலிருந்துதான் லாரி ஓட்டுநர் பாட்டு என்று தனியாக ஒரு கிளையே வளர்ந்தது. முதலிடத்தை மட்டும் பார்த்து 1963-ன் வரலாறு எழுதினால் இந்த மூன்றும் காணாமல் போகும்.

முதலிடம் வந்தவற்றில் ஜானி கேஷின் ‘ரிங் ஆஃப் ஃபயர்’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதியவர்கள் ஜூன் கார்ட்டரும் மெர்ல் கில்கோரும். அதை முதலில் பதிவு செய்தது ஜூனின் தங்கை அனிதா கார்ட்டர், அது ஓடவில்லை. கேஷ் அதே பாட்டில் மெக்சிகோ பாணி ட்ரம்பெட்டுகளைச் சேர்த்தார், ஏழு வாரம் முதலிடம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், அனிதாவுடையதை முதலில். எது பிடித்தது என்று எழுதுங்கள். நான் அனிதா கட்சி.