சென்னையைத் தேடினால் ஆர்க்டிக் கடல் வருகிறதா? அட்சரேகை, தீர்க்கரேகை கேள்வி-பதில்

நண்பருக்குச் சென்னையின் இருப்பிடத்தை 80.27, 13.08 என்று அனுப்பினேன். அவர் திறந்து பார்த்தால் வடதுருவத்துப் பக்கம் கடல் தெரிகிறதாம். ஏன்?

எண்களை இடம் மாற்றி அனுப்பிவிட்டீர்கள். கூகுள் மேப்ஸில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. 80.27 முன்னால் வந்ததால் அது பூமத்திய ரேகைக்கு 80 பாகை வடக்கே, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. 13.08, 80.27 என்று திருத்தினால் சென்னை வரும்.

தமிழ்நாடு ஏறக்குறைய 8 முதல் 13.6 வரையான அட்சரேகைக்குள்ளும், 76.2 முதல் 80.4 வரையான தீர்க்கரேகைக்குள்ளும் அடங்கிவிடுகிறது. ஆகவே நம்மூர் இடம் என்றால் சின்ன எண் முன்னால், பெரிய எண் பின்னால். (லண்டனுக்கு இந்தக் கணக்கு உதவாது, அது 51.51, -0.13.) ஆனால் வரைபடத் தகவலைச் சேமிக்கும் கேஎம்எல், ஜியோஜேசன் கோப்புகளில் வரிசை தலைகீழ்: தீர்க்கரேகைதான் முதலில். வரைபடத்திலிருந்து நகலெடுத்து அந்தக் கோப்புகளில் ஒட்டுபவர்கள் வழக்கமாக இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கழித்தல் குறியையும் விட்டுவிடாதீர்கள். மேற்கும் தெற்கும் கழித்தல். நியூயார்க் 40.71, -74.01. அந்தச் சின்னக் கோடு விடுபட்டால் கிர்கிஸ்தான் மலைகளில் போய் இறங்குவீர்கள்.

ஓர் ஆவணத்தில் 13°05'24" என்று இருந்தது. 13.0524 என்று தட்டினேன். நாலு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது.

சரியாக நாலு கிலோமீட்டர்தான் தள்ளும். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி; நூறு அல்ல. 5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.08333. 24-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.00667. இரண்டையும் 13-உடன் கூட்டினால் 13.09. நீங்கள் தட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் 0.0376 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீட்டர் என்பதால் தரையில் அது 4.16 கிலோமீட்டர்.

இதைவிடச் சிக்கலானது மூன்றாவது முறை: பாகையும் நிமிடமும் மட்டும் எழுதி, நிமிடத்துக்குப் பின்னால் புள்ளி வைப்பது. கடல் வரைபடங்களிலும் படகு ஜிபிஎஸ் கருவிகளிலும் இதுதான் வழக்கம். காரணம் உண்டு: அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர், மனக்கணக்காகவே தூரம் போட்டுவிடலாம். பாக் நீரிணையில் இந்திய-இலங்கைக் கடல் எல்லையை வகுத்த 1974 ஒப்பந்தமும் இப்படித்தான் எழுதுகிறது. அதில் மூன்றாவது எல்லைப்புள்ளி 09°40'.15 வடக்கு, 79°22'.60 கிழக்கு. இந்த .15 என்பது 15 விநாடி அல்ல, 9 விநாடி. .60 என்பது 36 விநாடி. விநாடியாகவே படித்துவிட்டால் வடக்கே சுமார் 185 மீட்டர், கிழக்கே சுமார் 730 மீட்டர் பிசகும். விநாடி 60-ஐ எட்டவே எட்டாது. 60-ஐயோ அதற்கு மேலோ பார்த்தால் அது நிமிடத்தின் பின்னம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் எழுத வேண்டும்?

ஐந்து போதும். இரண்டு இலக்கம் சுமார் ஒரு கிலோமீட்டர் வரை சொல்லும்: ஊரைக் காட்டலாம். மூன்று என்றால் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர். கைபேசியோ திறந்த வானத்தின் கீழேயே ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் துல்லியம். அதற்குப் பிறகு எழுதும் இலக்கமெல்லாம் வெறும் அலங்காரம். வேலி போடுவதற்கு இதை நம்பாதீர்கள். மனை எல்லையைப் புலப்படத்தை வைத்து நில அளவையர் அளந்து சொல்லட்டும்.

டவரே இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? வீட்டுக்குள் நீலப் புள்ளி ஏன் தாவுகிறது?

செய்யும். கைபேசி செயற்கைக்கோளின் குரலைக் கேட்கிறதே தவிர, பதில் பேசுவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும்: மூன்று இடத்துக்கு, நான்காவது கைபேசிக் கடிகாரத்தின் பிழையைத் தீர்க்க. (ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் 300 மீட்டர் போய்விடும்.) இணையம் இருந்தால் கோள்களின் பாதை விவரம் அதிலேயே வந்துவிடும். இல்லையென்றால் கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அதற்கே அரை நிமிடம் பிடிக்கும். அதனால் வெட்டவெளியில் ஓரிரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால்தான் தெருக்கள் தெரியும்.

வீட்டுக்குள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் தூரக் கணக்கு கெடுகிறது. நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்குள் நீங்கள் இருக்க வாய்ப்பு 68 விழுக்காடுதான். மூன்றில் ஒரு முறை வெளியே நிற்கிறீர்கள்!

பழைய டோப்போ ஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) எடுத்த எண்ணை மேப்பில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகுகிறது. அச்சுப் பிழையா?

இல்லை, கணக்குக்கு எடுத்துக்கொண்ட பூமியின் வடிவம் வேறு. பழைய இந்திய வரைபடங்கள் 1830-இல் கணிக்கப்பட்ட எவரெஸ்ட் நீள்கோளத்தின் (பூமிக்கு ஈடாகக் கணக்கில் கொள்ளும், சற்றே தட்டையான உருண்டையின்) மேல் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு நீள்கோளம். இரண்டின் மையமும் ஒன்றல்ல, அளவும் ஒன்றல்ல. ஆகவே அதே கிணற்றுக்கு இரண்டு எண். ஷீட்டின் ஓரக்குறிப்பில் எந்த அடிப்படை என்று பார்த்து, கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் அதைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கையால் நூறு மீட்டர் நகர்த்துவது ஒரு தாலுகாவுக்குப் பொருந்தலாம், அடுத்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

கிரீனிச்சிலேயே இந்தக் கதை உண்டு. 1884 மாநாடு பூஜ்ய தீர்க்கரேகையாக ஏற்ற கோட்டின் மேல் நின்றாலும் ஜிபிஎஸ் பூஜ்யம் காட்டாது. அதன் பூஜ்யம் 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் ஓடுகிறது.

மெரினாவில் நிற்கிறேன், ஒரு செயலி உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டுகிறது!

கருவி பழுதில்லை. அந்தச் செயலி நீள்கோளத்திலிருந்து உயரத்தைச் சொல்கிறது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. புவியீர்ப்பு இங்கே குறைவு என்பதால் கடல்மட்டமே நீள்கோளத்துக்குக் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அது 106 மீட்டர் வரை இறங்குகிறது. உலகிலேயே மிகப் பெரிய பள்ளம் இதுதான். கடல்மட்டத்துக்குத் திருத்திக் காட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

மணி பன்னிரண்டுக்குச் சூரியன் உச்சிக்கு வருவதில்லையே, தீர்க்கரேகைதான் காரணமா?

பாதிக் காரணம். நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குக்கு வைத்தது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால் சென்னைக்கு 9 நிமிடம், கன்னியாகுமரிக்கு 20 நிமிடம் தாமதம். மீதிக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும். அதனால்தான் சென்னையில் பிப்ரவரி நடுவில் உச்சி 12:23-க்கும், நவம்பர் தொடக்கத்தில் 11:52-க்கும் வருகிறது.