டயாலிசிஸில் பிரஷர் இறங்குகிறது, கால் இழுக்கிறது: வாரம் ஒரு முறையாகக் குறைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62, எடை 60 கிலோ. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்கிறோம். மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுகிறார். டயாலிசிஸ்தான் உடம்பைக் கெடுக்கிறது, வாரம் ஒரு முறை போதும் என்கிறார்கள் உறவினர்கள். குறைக்கலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாகக் குறைக்காதீர்கள். இடைவெளி கூடினால் உடம்பில் நீர் அதிகம் சேர்ந்து, இந்தத் தொல்லைகள் இன்னும் அதிகமாகும்.

இயந்திரம் ரத்தத்திலிருந்துதான் நீரை எடுக்கிறது. கால் வீக்கத்திலும் மற்ற திசுக்களிலும் தேங்கிய நீர் மெதுவாக ரத்தத்துக்குத் திரும்பி, அந்த இடத்தை நிரப்ப வேண்டும். எடுக்கும் வேகம் அதைவிடக் கூடினால் பிரஷர் இறங்கும், தசை இழுக்கும். பல ஆண்டு சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

மணிக்கு, ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுக்காமல் இருப்பது நல்லது. அப்பாவின் எடைக்கு 4 மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் நீர் சேர்ந்து அவர் 4 கிலோ ஏறி வந்தால் சிக்கல்தான். ஆகவே வீட்டில் தினமும் காலையில் எடை பாருங்கள். தண்ணீரைக் குறை என்று அவரைத் திட்டிப் பயனில்லை. உப்பு குறைந்தால்தான் தாகம் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்துங்கள். ரசம், மோர், கஞ்சி எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

எடை அதிகம் ஏறாமலே கால் இழுக்கிறதா? அப்படியானால் அவருக்குக் குறித்திருக்கும் 'டிரை வெயிட்' (கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) பழையதாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டுச் சதை பிடித்திருப்பார். அதையும் நீர் என்று எண்ணி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். டயாலிசிஸ் நாளில் பிரஷர் மாத்திரையை எப்போது போடுவது, இன்சுலினைக் குறைக்க வேண்டுமா, நேரத்தை அரை மணி கூட்டலாமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். நடுவில் வியர்த்து நடுங்கினால் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் அப்படித்தான் இருக்கும். இயந்திரம் ஓடும்போது வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காதீர்கள், பிரஷர் இன்னும் இறங்கும்.

டயாலிசிஸுக்குப் பின் வரும் அசதி பலருக்கும் உண்டு. ரத்தசோகையும் சேர்ந்திருந்தால் அது கூடும், அதற்கு ஊசி இருக்கிறது.

எனக்கு உண்மையில் கவலை தருபவை வேறு. கழுத்தில் குழாய் போட்டவருக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருந்தால் தினமும் தொட்டுப் பாருங்கள், அதிர்வு தெரிய வேண்டும். அந்த அதிர்வு நின்றிருந்தால் அன்றே ஓடுங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவும், ரத்தம் எடுக்கவும் விடாதீர்கள்.

அப்புறம், பொட்டாசியம். வாரம் இரண்டு முறை செய்பவருக்கு நடுவில் மூன்று நான்கு நாள் இடைவெளி விழுகிறது. அந்த நாள்களில் அது ரத்தத்தில் தேங்குவதால், அது நிறைந்த இளநீர், வாழைப்பழம், பழச்சாறு ஆபத்து. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் சேர்த்திருப்பார்கள், அதுவும் வேண்டாம். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துச் சமையுங்கள். திடீரென்று கை கால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த டயாலிசிஸ் நாள் வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.